நாலு விரல் இடம்

ஒன்பதாம் நம்பர் டோக்கன் இன்னும் மைக்கை விட்டபாடில்லை. அம்சவேணியின் கையில் இருப்பது பதினேழு. பேனாவால் நம்பர் எழுதிய அந்தச் சின்ன அட்டை வியர்வையில் நனைந்து ஓரம் சுருண்டுவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஏழு அழிந்து வெறும் ஒன்றாகிவிடும், ஆனால்தான் என்ன, முதல் ஆளாகக் கூப்பிட்டிருந்தால் இந்நேரம் பேசி முடித்து வெளியே போயிருக்கலாமே. மணி பார்க்க என்று போனை எடுத்தாள். பதினொன்றே கால். மணி பார்க்க என்பது சும்மா ஒரு சாக்கு, அது அவளுக்கே தெரியும். டில்லிபாபுவின் மிஸ்டு கால் வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தாள். வரவில்லை. அவளுடைய தம்பி டில்லிபாபு தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், கோர்ட்டு ஜாமீனில் விட்டபோது போட்ட கண்டிஷன் அது. போட்டுவிட்டு வெளியே வந்து, எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று, அக்காவுக்கு ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணுவான். அவள் எடுக்க மாட்டாள், எடுக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. ரெண்டு ரிங் என்றால் ஆள் வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம். நாலு மாசமாக ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி எதுவும் பார்க்காமல் இப்படித்தான். பத்து முப்பத்தைந்து, மிஞ்சிப் போனால் பத்தே முக்கால். பதினொன்றைத் தாண்டியதே கிடையாது. சார்ஜ் இல்லாமல் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் கூட்டமாக இருக்கும். அட, மறந்துகூடப் போயிருப்பான், சோம்பேறிப் பயல். டில்லிபாபு எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டான் என்று உள்ளே இன்னொருத்தி சொன்னாள், அவளை அம்சவேணி கண்டுகொள்ளவில்லை.

மைக்கில் ஒன்பதாம் நம்பர், முப்பத்தெட்டாம் பிளாக் பெரியவர், லிஃப்ட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வார்டு ஜனங்களிடம் குறை கேட்கிற ஏரியா சபைக் கூட்டம் என்றால் லிஃப்ட், சாக்கடை, தெரு விளக்கு, திரும்பவும் லிஃப்ட். மேடையில் கவுன்சிலர் அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், கவுன்சிலருக்குப் போட்டதைவிடப் பெரிய நாற்காலியில், ஓட்டு வாங்கி ஜெயித்தது என்னமோ தான்தான் என்கிற மாதிரி காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர். ஏரியா சபைக்கு இன்ஸ்பெக்டர் எதற்கு? தண்ணி போர்டு ஆள் வரவில்லை, கரண்ட் ஆபீஸ் ஆள் வரவில்லை, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஆள் பிறக்கவே இல்லை, இவர் மட்டும் பத்து மணிக்கே வந்து ஜம்மென்று குந்தியாயிற்று. காரணம் ஊருக்கே தெரியும். நாற்பதாம் பிளாக்குக்கும் நாற்பத்தொன்றாம் பிளாக்குக்கும் நடுவே கிடக்கிற காலி இடம். கால்வாய் ஓரத்துக் குடிசைகளிலிருந்து இந்த ஜனங்களை லாரியில் அள்ளிக்கொண்டுவந்து இந்த மாடிகளில் கொட்டியபோது, அங்கே பால்வாடி வரும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் ஊஞ்சல்கூட இருந்தது. ஆறு வருஷம் ஆகிறது. இப்போது அந்த இடத்தில் போலீஸ் பூத்தாம், பிளாக்குக்கு ரெண்டு கேமராவாம், வார்டு நிதியிலிருந்து நாற்பது லட்சமாம். நாற்பது லட்சம் என்று கேட்டதும் பக்கத்து வீட்டு சகாயமேரி அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பு. ‘ஓடாத லிஃப்ட்ட நாலு பக்கமும் நின்னு படம் புடிப்பானுங்களா?’ என்று கேட்டாள். அன்றைக்கு சாயங்காலம் ஆரம்பித்ததுதான் இத்தனையும்.

பூத் வேண்டாம், பால்வாடிதான் வேண்டும் என்று சொல்லி ஆறு மாசம் மாடி மாடியாக ஏறியிருக்கிறார்கள், அவளும் சகாயமேரியும். எட்டு மாடி, லிஃப்ட் கிடையாது, கீழே இறங்கினால் அடுத்த எட்டு. விடியக்காலை ஆறு மணி பஸ்ஸில் கம்பெனிகளுக்குப் பெருக்கித் துடைக்கப் போகிற பொம்பளைகள் குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். வெளியிலிருந்து தாழ்ப்பாள், உள்ளே டிவி, ஒரு பாக்கெட் பிஸ்கட். ஒருநாள் ஐந்தாம் மாடியில் ஒரு பெண்குழந்தை ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டு அசைத்துக்கொண்டே இருந்தது, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் டாட்டா. அம்சவேணிக்கு அந்தக் கை இப்போதும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பயம் இல்லையா என்றால், இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் பொறுக்கிப் பயல்கள் நிற்கிறார்கள், அவளையே ஒருத்தன் இடித்துவிட்டுப் போயிருக்கிறான். போலீஸ் வந்தால் நல்லதுதானே என்று சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள், அதையும் தப்பென்று சொல்ல அவளால் முடியவில்லை. ஆனால் போன வருஷம் போலீஸ் வந்து யாரை அள்ளிக்கொண்டு போனது? இடித்தவனையா? மாடிப்படியில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை. அதில் ஒருத்தன் டில்லிபாபு. மணி பதினொன்று இருபத்திரண்டு. பெரியவர் ஒருவழியாக மைக்கை விட்டார். பத்தாம் நம்பர் எழுந்து சாக்கடையை ஆரம்பித்தார்.

அப்போதுதான் பார்த்தாள். மேடைக்கு இந்தப் பக்கம், தனி மேஜையில் உட்கார்ந்திருந்த கிளார்க், வருகைப் பதிவு ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்தார். பக்கங்களைப் பின்னால் புரட்டினார். பின்னால், இன்னும் பின்னால், இன்றைக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்கிய முதல் பக்கத்துக்கு. பாக்கெட்டிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து, பக்கத்தின் தலைமாட்டில் எழுத ஆரம்பித்தார். அம்சவேணிக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. தேதி எழுதுகிறார் போல. தேதிக்கு இவ்வளவு நேரமா? பேனா வலது ஓரத்துக்குப் போய் மறுபடி இடது ஓரத்துக்கு வந்தது. இரண்டாவது வரி. முதல் பக்கம். முதல் பக்கத்தில் முதல் கையெழுத்து யாருடையது? அவளுடையது. காலையில் ஒன்பதே முக்காலுக்கு வந்து, வாசலில் நின்று, முதல் ஆளாகப் போட்டு, வந்த பொம்பளைகளை எல்லாம் ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து, ‘போடுங்க, போடுங்க, தலையை எண்ணுவாங்க, நாம எத்தினி பேர் வந்தோம்னு தெரியணும்’ என்று போட வைத்தவள் அவள்தான். மேலே ஏதாவது எழுதியிருந்ததா? தலைப்பு இருந்ததா? கூட்டம் இன்னது, நாள் இன்னது, வருகை தந்தோர் என்று ஒரு வார்த்தையாவது இருந்ததா? கண்ணை மூடிப் பார்த்தாள். நீலக் கோடு தெரிகிறது. கோட்டுக்குக் கீழே தன் பெயர் தெரிகிறது, அம்சவேணி, ணி-யின் சுழி கொஞ்சம் கோணலாக. அதற்கு மேலே கிளார்க்கின் கை. ஆமாம், கை. ‘இங்கேருந்து போடுங்கம்மா’ என்று ரெஜிஸ்டர் நகராமல் இருக்கப் பிடித்துக்கொள்கிற மாதிரி மேலே கையை வைத்திருந்தார். மணிக்கட்டில் கோயில் கயிறு, சிவப்பு. கயிறு ஞாபகம் இருக்கிறது. கைக்கடியில் என்ன இருந்தது என்பது ஞாபகம் இல்லை, ஏனென்றால் பார்க்கவே இல்லை. நாலு விரல் இடம். நாலு விரல் வெற்றிடத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே நூற்றுச் சொச்சம் பொம்பளைகளின் கையெழுத்து. ஐயோ, அடிப்பாவி.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீங்க என்பதைத்தானே அவள் இந்த நாலு மாசமாக மாடி மாடியாகச் சொன்னது! எட்டு மாடியும் ஏறி, மூச்சு வாங்க வாங்க, அதைத்தானே முதலில் சொன்னாள்! சொல்வதற்கு அவளைவிட யாருக்கு உரிமை உண்டு? டில்லிபாபுவைப் பிடித்த அன்றைக்கு ஸ்டேஷனில் அவன் பக்கத்திலேயே நின்றாள். மெயின் ரோட்டில் யாரோ யாரிடமோ செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறான், அதற்கு மாடிப்படியில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மதியம் ரெண்டு மணி. அவளுக்கு மூணு மணி ஷிஃப்ட், லேட்டானால் சூப்பர்வைசர் உள்ளே விட மாட்டான். கேஸ் எழுதுகிற ரைட்டர் நாலு தாளை எடுத்து வைத்தார், மேல் பாதியில் டீ கிளாஸை வைத்தார். ‘விசாரிச்சதுக்கு ஒரு கையெழுத்து, அவ்ளோதாம்மா, கூட்டிக்கினு போயிடு.’ டில்லிபாபு பேனாவைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். போடவா என்று வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டான். அவள் என்ன சொன்னாள்? ‘போட்டுத் தொலைடா, டைம் ஆவுது.’ அவள்தான் சொன்னாள். அவளே சொன்னாள். நாலு தாளிலும் போட்டான். கோர்ட்டில் பார்த்தபோது அந்த நாலு கையெழுத்துக்கு மேலேயும் தாள் நிறைய எழுத்து இருந்தது, நான்தான் பறித்தேன், வண்டியில் போனேன், வித்தேன் என்று, அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது, சைக்கிளே தகராறு. டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை மட்டும் அப்படியே இருந்தது. ஐம்பத்திரண்டு நாள் உள்ளே இருந்தான். வந்தபிறகு ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, நீதானேக்கா போடச் சொன்னே என்று அவன் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். கேட்கவே மாட்டேன் என்கிறான் பாவி.

‘இன்னா அம்சா, பேயடிச்ச மாதிரி குந்திக்கினு கீறே?’ பக்கத்து நாற்காலியிலிருந்து சகாயமேரி தோளை இடித்தாள். அம்சவேணி மேஜைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். ‘அக்கா, நாம கையெழுத்து போட்டோமே, அப்ப மேல இன்னா எழுதியிருந்துச்சு?’ சகாயமேரி யோசித்தாள். ‘எனுக்கு இன்னாடி தெரியும், நீ போடச் சொன்னே, போட்டேன்.’ சொல்லிவிட்டு அவளும் மேஜையைப் பார்த்தாள். பேனா மூணாவது வரிக்கு வந்துவிட்டது. சகாயமேரியின் முகம் மாறியது. ‘எழுந்து போய் புடுங்குடி அத.’ எழுந்து போகலாம். ஏழு நாற்காலி தாண்டினால் மேஜை. ஆனால் அவள் டோக்கன் பதினேழு. இப்போது எழுந்தால் கலாட்டா என்பார்கள். கலாட்டா என்று எழுதத்தான் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார், அதற்குத்தான் வந்தாரோ என்னமோ. அவர் ஒரு தடவை அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து போனில் ஏதோ தட்டினார். சும்மா தட்டியிருப்பார், அவர் வீட்டுக்குத் தட்டியிருப்பார், சாப்பிட வர லேட்டாகும் என்று. பதினொன்று நாற்பது. டில்லி, எங்கேடா இருக்கே? இவளை எதற்குப் பார்க்க வேண்டும், பார்த்தவுடனே எதற்குத் தட்ட வேண்டும். இவள் பேசினால் அவன் வெளியே வர மாட்டான். இவள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் வந்துவிடுவான், அப்படித்தானே? அப்படி யாரும் சொல்லவில்லை. யாரும் எதையும் சொல்வதே இல்லை, அதுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம், எல்லாவற்றையும் இவளே சொல்லிக்கொள்கிறாள். தலைவலி என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் என்ன? சகாயமேரி பேசட்டும். பேசுவாள், ஆனால் ரெண்டாவது வரியிலேயே கெட்ட வார்த்தை வந்துவிடும். கால் ஆடிக்கொண்டே இருந்தது, நிறுத்தினாள், அதுபாட்டுக்கு மறுபடி ஆடியது. பன்னிரண்டாம் நம்பர் பெண் எழுந்து, பூத் வரட்டும், வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள், குரல் நடுங்கியது. அம்சவேணிக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. உன் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் பஸ் ஸ்டாப்பில் விளக்கு கேட்கிறோம் என்று போய்க் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு டீ குடித்தார். குடித்துவிட்டு எழுதினார். ஒரு பையன் பிள்ளையார் சுழி போட்டுப் பரீட்சை எழுதுகிற மாதிரி அப்படி ஒரு நிதானம்.

‘பதினேழு. அம்சவேணி, நாற்பத்தொன்றாம் பிளாக்.’ கூப்பிட்டபோது பன்னிரண்டு பத்து. எழுந்தாள். கையில் சகாயமேரி எழுதிக் கொடுத்த ரெண்டு பக்கம், மாண்புமிகு என்று தொடங்குவது. மைக் இடது பக்கம் இருந்தது. கால் வலது பக்கம் போனது, அவள் போகச் சொல்லவில்லை, அது போனது. ஏழு நாற்காலி. ‘மேடம், மைக் அங்க இருக்கு,’ என்றார் கிளார்க். அவள் ரெஜிஸ்டரின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள், அவர் காலையில் வைத்த மாதிரியே. பிறகு விரல்களை விலக்கிப் படித்தாள், சத்தமாக, அவளுக்குச் சத்தமாக மட்டும்தான் படிக்க வரும். ‘மேற்படி காலி இடத்தில் காவல் உதவி மையம் அமைக்கவும், கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தவும், கூட்டத்திற்கு வந்திருந்த கீழே கையொப்பமிட்ட பொதுமக்கள் அனைவரும் ஏகம…’ அங்கே நின்றிருந்தது. ஏகமனதாக என்று முடிக்க அவருக்கு இன்னும் ஒரு நிமிஷம் தேவைப்பட்டிருக்கும். பின்வரிசையில் யாரோ, ‘அது நாம போட்ட கையெழுத்தாடி?’ என்றாள். ‘நடைமுறைம்மா,’ என்றார் கவுன்சிலரின் வீட்டுக்காரர், ‘எப்பவும் இப்படித்தான் எழுதுறது.’ மேஜையில் கிடந்த பேனாவை அம்சவேணி எடுத்தாள். எழுதியிருந்த நாலு வரிக்கும் குறுக்கே மேலிருந்து கீழே ஒரே கோடு போட்டாள். தாள் லேசாகக் கிழிந்தது. கோட்டுக்குப் பக்கத்தில், இருந்த கொஞ்ச இடத்தில், வந்தோம், சம்மதிக்கவில்லை என்று எழுதினாள். நின்றபடி அவசரமாக எழுதியதில் எழுத்து எல்லாம் குடித்தவன் மாதிரி நின்றது.

‘அம்மா, அது அரசாங்க ரெஜிஸ்டர்,’ என்றார் இன்ஸ்பெக்டர், உட்கார்ந்த இடத்திலிருந்தே, கோபமே இல்லாமல். ‘கிறுக்கினா கேஸ் ஆவும். டில்லிபாபு அக்காதானே நீங்க? தம்பி கண்டிஷன் பெயில்ல இருக்கான். சின்னதா ஒரு விசாரணை, ஸ்டேஷன்லதான் உட்கார வச்சிருக்கோம். நீங்க அமைதியா பேசிட்டுப் போங்க, அவனும் வந்துடுவான்.’ சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணி வரைக்கும் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், அதுவும் நூறு பேருக்கு முன்னால். ஆச்சரியமாக, கால் ஆடுவது நின்றது. மைக்குக்குப் போனாள். ரெண்டு பக்கக் காகிதத்தைப் பிரிக்கவில்லை. ‘ஆமா சார். டில்லிபாபு. அப்பா பேரு ஏழுமலை. நாற்பத்தொண்ணாம் பிளாக், மூணாவது மாடி. காலையில பத்தரைக்குக் கையெழுத்து போடப் போனான். இப்ப பன்னெண்டே கால். ஒரு கையெழுத்துக்கு ஒண்ணே முக்கா மணி நேரமா சார்? இன்னா விசாரணைன்னு இங்கயே சொல்லுங்க, இத்தினி பேர் கீறாங்க, கேட்டுக்கட்டும். என்னைப் பேசக் கூடாதுன்றதுக்காக அவனை உட்கார வச்சிருந்தா, நான் பேசி முடிச்சுட்டேன், அவனை விட்டுடுங்க. எங்களுக்கு பூத் வேணாம். பால்வாடி கட்டுங்க. அவ்ளோதான்.’ அழுகை வந்துவிடும் போலிருந்தது, வந்தால் வரட்டும் என்று நின்றாள், வரவில்லை. சகாயமேரி எழுந்து நின்றாள். அவள் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை, நேராக மேஜைக்குப் போய்ப் பேனாவை வாங்கித் தன் பெயருக்குப் பக்கத்தில் ‘சம்மதம் இல்லை’ என்று எழுதினாள். அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள் வந்தாள், படிக்கத் தெரியாதவள், எங்கே கோடு போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். பன்னிரண்டாம் நம்பர் பெண் வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கவுன்சிலர் அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டுக்காரரைப் பார்க்காமல் தானே பேசினார், ‘பூத் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைக்கிறோம்,’ என்றார். கைதட்டினார்கள். யாரோ அம்சவேணியின் கையில் டீ கொடுத்தார்கள், யாரோ முதுகில் தட்டினார்கள், அவள் பார்த்துக்கொண்டிருந்தது போனை.

பன்னிரண்டு நாற்பதுக்கு ரிங் வந்தது. ஒன்று. ரெண்டு. கட் ஆனது. வெளியே வந்துவிட்டான். அப்பாடா என்று உட்காரப் போனவள் உட்காரவில்லை. கூடத்தை விட்டு வெளியே, காலி இடத்துப் பக்கம் நடந்தாள், வெயில் மண்டையைப் பிளந்தது. எடுக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, ரெண்டு ரிங் போதும் என்பதுதான் நாலு மாச ஏற்பாடு. கூப்பிட்டாள். உடனே எடுத்தான்.

‘அக்கா.’

‘அடிச்சானுங்களாடா?’

‘இல்லக்கா. சும்மா பெஞ்ச்சுல குந்த வச்சிருந்தாங்க. இப்ப திடீர்னு போன் வந்துச்சு, போடான்னுட்டாங்க. ஒரு கையெழுத்து மட்டும் எக்ஸ்ட்ரா வாங்கினாங்க.’

பின்னால் கூடத்தில் இன்னும் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. கையிலிருந்த டீயை அவள் குடிக்கவில்லை.

‘மேல இன்னா எழுதியிருந்துச்சு?’

ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

‘தெரியலக்கா. மேல ரைட்டரு கைய வச்சிருந்தாரு.’